மறுகாலுக்கு இங்கிலீஷில் என்ன?

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். விடுமுறையில் கண்ணால் பார்த்த ஒரு காட்சியைப் பத்து வரியில் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லியிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு. தென்காசிப் பக்கத்திலிருந்து அந்த வருடம்தான் சென்னைக்கு வந்து எங்கள் பள்ளியில் சேர்ந்த ஒரு பையன், நாலு வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்திருந்தான். எட்டிப் பார்த்தேன். ஊர்க் குளத்தைப் பற்றி எழுதியிருக்கிறான். ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே தமிழில் ஒரே ஒரு சொல்: மறுகால்.

"மிஸ், மறுகாலுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

"ஓவர்ஃப்ளோ" என்றேன். யோசிக்கவே இல்லை.

அவன் எழுதவில்லை. "ஓவர்ஃப்ளோன்னா மோட்டார் ஆஃப் பண்ண மறந்தா மாடில இருந்து ஊத்துமே, அதுதான மிஸ்? அது வேஸ்ட்டாப் போற தண்ணி. இது அப்படி இல்ல மிஸ்."

மணி அடித்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று நோட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இருபத்திரண்டு வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அன்று இரவு அந்த ஒரு சொல்லுக்காக அகராதிகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பையன் சொன்னது சரிதான். ஓவர்ஃப்ளோ இன்று தமிழ்ச் சொல் போலவே ஆகிவிட்டது. பள்ளிக்கூடமே போகாதவர்களும் சொல்கிறார்கள். ஆனால் நாம் அதை உள்ளே விட்டது ஒரு குறுகிய வாசல் வழியாக. மாடித் தொட்டி ஓவர்ஃப்ளோ, தெருவில் ட்ரெய்னேஜ் ஓவர்ஃப்ளோ, முனையில் குப்பைத்தொட்டி ஓவர்ஃப்ளோ. தொட்டி நிரம்பினால் கூவுகிற கருவி எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அது கூவியதும் யாராவது ஒருவர் ஓடுகிறார். இந்தச் சொல்லைக் கேட்டால் ஓட வேண்டும், எதையாவது நிறுத்த வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அது தெரிந்தது இப்படித்தான்.

ஆங்கிலத்தில் அதற்கு இத்தனை கெட்ட பெயர் கிடையாது. மனம் மகிழ்ச்சியால் ஓவர்ஃப்ளோ ஆகலாம். கூட்டத்தில் இடம் போதாமல் பக்கத்து அறையில் உட்காருபவர்களும் ஓவர்ஃப்ளோதான். நதி கரையை ஓவர்ஃப்ளோ செய்யும். அங்கே கரை செயப்படுபொருளாக நேராக வந்து உட்காரும், இடையில் வேறு சொல் வேண்டாம். எதனால் வழிகிறது என்று சொல்ல 'வித்' போட வேண்டும். பெயர்ச்சொல்லாக வரும்போது முதல் அசையை அழுத்த வேண்டும், வினையாக வரும்போது கடைசி அசையை. வகுப்பில் நான் அதிகம் திருத்துகிற பிழை ஒன்று உண்டு. 'ஓவர்ஃப்ளோன்' என்று எழுதுவார்கள். 'ஃப்ளை - ஃப்ளோன்' மனத்தில் ஓடுவதால் வரும் குழப்பம். பறப்பதற்குத்தான் அந்த வடிவம். தண்ணீருக்கு 'ஓவர்ஃப்ளோட்' போதும்.

இதெல்லாம் பாடம். பையன் கேட்டது பாடம் இல்லை.

தமிழில் எத்தனை சொல் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். விளிம்பு வரை வந்து அசைந்துகொண்டிருந்தால் தளும்புகிறது, ததும்புகிறது. கண்ணில் நீர் ததும்பினால் இன்னும் கன்னத்தில் இறங்கவில்லை, இறங்கினால் வழிகிறது. சூட்டில் எழும்பி வந்தால் பொங்குகிறது. ஆங்கிலத்தில் 'பாயில் ஓவர்' என்றால் கோபமும் கேடும். நமக்கோ பால் பொங்கி வழிவதே பண்டிகை, எந்தத் திசையில் வழிகிறது என்று வேறு பார்ப்போம். கை தவறிக் கொஞ்சமாகப் போனால் சிந்துகிறது. ஆற்றில் நீர் ஏறினால் பெருக்கு, அதற்கு ஆடி மாதத்தில் ஒரு நாளே ஒதுக்கி வைத்திருக்கிறோம். அதற்கும் மேலே போனால் கரைபுரள்கிறது. இவற்றில் எதுவும் மறுகால் இல்லை.

அப்புறம் செய்தித்தாள் தமிழ். 'ஏரியிலிருந்து உபரி நீர் வெளியேற்றம்' என்று ஒவ்வொரு நவம்பரிலும் படிக்கிறோம். இந்த உபரி வடமொழிச் சொல். மேலே என்று பொருள். ஆங்கில 'ஓவர்' பிறந்ததும் அதே இந்தோ-ஐரோப்பிய வேரில்தான். லத்தீன் 'சூப்பர்', கிரேக்க 'ஹைப்பர்' எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பொதுப்பணித்துறைக் கோப்புகளில் வரும் 'சர்ப்ளஸ்' என்பதன் முதல் துண்டும் பிரெஞ்சு வழியாக வந்த சூப்பர்தான். ஆக ஓவர்ஃப்ளோவைத் தமிழாக்குகிறேன் என்று உபரி நீர் எழுதினால், அந்தக் குடும்பத்தின் இன்னொரு உறுப்பினரைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறோம், அவ்வளவுதான். 'ஃப்ளோ'வுக்கும் இங்கே உறவு உண்டு. மிதப்பது, நீந்துவது என்ற பொருளுள்ள வடமொழி வேர் அதனோடு சேர்ந்தது. அறுபது ஆண்டுப் பட்டியலில் பிலவ என்று ஒரு ஆண்டு வருகிறதே, அதே வேர்தான். கடைசியாக வந்த பிலவ ஆண்டு 2021-இல் பிறந்தது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னையில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

உபரி, சர்ப்ளஸ், ஓவர் மூன்றுமே அளவைப் பேசுகிற சொற்கள். இவ்வளவு கொள்ளும், அதற்கு மேல் மிச்சம். மிச்சம் என்று சொன்ன பிறகு அது வேண்டாதது ஆக அதிக நேரம் பிடிப்பதில்லை. லத்தீனில் 'உண்டா' என்றால் அலை. அலை புரண்டு வழிவதிலிருந்து ஆங்கிலத்துக்கு இரண்டு சொற்கள் வந்தன. ஒன்று 'அபண்டன்ஸ்', வளமை. இன்னொன்று 'ரிடண்டன்ட்', தேவைக்கு மேல் இருப்பது. சூழ்வதைக் குறிக்கும் 'சரவுண்ட்'கூட முதலில் வெள்ளம் மேலே ஏறி மூடுவதைத்தான் குறித்தது. லண்டனில் இருக்கும் என் கல்லூரித் தோழி போன வருடம் ஒரு இரவு அழைத்து, "என்னை ரிடண்டன்ட் பண்ணிட்டாங்கடி" என்றாள். பிரிட்டனில் ஆள்குறைப்புக்கு அதுதான் சட்டச் சொல்லே. பதினாறு வருடம் உழைத்தவளை வழிந்து போன தண்ணீர் என்று சொல்லும் சொல். அவளிடம் இந்த வேர்க்கதையை நான் சொல்லவில்லை. அடுத்து எங்கே போகப் போகிறாய் என்றுதான் கேட்டேன்.

அந்தக் கேள்வி எனக்கு ஆச்சியிடமிருந்து வந்தது.

ஆச்சிக்குப் பிறந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். ஆற்றுப் பாசனத்தை நம்ப முடியாத, மழையைப் பார்த்துக் கிடக்கும் சீமை. பக்கத்திலேயே மறுகால்குறிச்சி என்று ஊர். திருநெல்வேலிக்குக் கிழக்கே சீவலப்பேரி அருகே மறுகால்தலை என்று இன்னொரு ஊர். அங்கே பாறையில் தமிழ்-பிராமி எழுத்து இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் ஊருக்கே பெயராகிற அளவுக்குப் பெரியது. கால் என்றால் இங்கே நடக்கிற கால் இல்லை. வாய்க்கால், கால்வாய் என்கிறோமே அந்தக் கால், நீர் போகும் பாதை. குளத்துக்கு நீர் வரும் கால் ஒன்று. நிறைந்த பிறகு நீர் போகும் கால் மற்றொன்று. அதுதான் மறுகால்.

எல்லா வருடமும் குளம் நிறையாது. நிறைந்த வருடம் ஊருக்கே தெரியும்படி இருக்கும். நடுராத்திரியில் ஆள் வந்து கதவைத் தட்டி, "குளம் பெருகிட்டு, மறுகா பாயுது" என்று சொல்லிவிட்டுப் போவானாம். பெண்கள் எல்லாரும் அரிக்கேன் விளக்கோடு கலுங்குக்குப் போய்க் குலவை போட்டு, மஞ்சளையும் பூவையும் தண்ணீரில் விட்டதாக ஆச்சி சொல்வாள். விடிந்ததும் பிள்ளைகள் மீன் பிடிக்க இறங்கும். விழுகிற தண்ணீரை எதிர்த்துக் கெண்டை ஏறும், கெளுத்தி ஏறும். துணியை விரித்தாலே போதுமாம். இதைச் சொல்லும்போதெல்லாம் ஆச்சியின் கை தானாக விரிந்து துணி பிடிக்கும்.

கலுங்கு என்பது அந்த வாசல். சில ஊரில் கலிங்கு, சில ஊரில் கலங்கல். மண் கரையின் ஒரு பக்கத்தில், கரையைவிடத் தாழ்வாக, கல்லால் கட்டிய ஒரு நீளமான படி. நீர் அந்த உயரத்தைத் தொட்டதும் தானே விழும். திறக்க ஆள் வேண்டாம். பழைய கலுங்குகளின் மேல் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருப்பார்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு இடையே பலகையும் மண்ணும் புல்லும் வைத்து அடைத்தால், குளத்தில் இன்னும் ஒன்றிரண்டு அடி நீர் நிற்கும். இங்கேதான் சண்டை வரும். அடைத்தால் குளத்துக்கு மேலே இருக்கிற வயலில் நீர் ஏறும், கீழே இருக்கிற ஊருக்கு நீர் போகாது. ஏனென்றால் ஒரு குளத்தின் மறுகால்தான் அடுத்த குளத்தின் வரத்துக்கால். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி குளங்கள் இருப்பதாகச் சொல்வார்கள். அவற்றில் ஏராளமானவை தனித்தனிப் பாத்திரங்கள் இல்லை, சங்கிலி. மேல்குளம் நிறைந்து விழுந்தால்தான் கீழ்க்குளத்துக்காரன் நாற்றுப் பாவுவான்.

ஆகவே எங்கள் குளத்து மிச்சம் என்று ஆச்சி ஒருநாளும் சொன்னதில்லை. 'கீழூர்த் தண்ணி' என்பாள். எங்கள் குளத்தின் வழியாகப் போகிற, அவர்களுக்குரிய தண்ணீர்.

நோட்டை முன்னால் வைத்துக்கொண்டு இதையெல்லாம் நினைத்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. 'த டேங்க் ஓவர்ஃப்ளோட்' என்று எழுதினால் அது அரைகுறை மொழிபெயர்ப்புகூட இல்லை, எதிர்ப்பொருள் தந்துவிடக்கூடும். மண் கரைக்கு மேலே நீர் ஓடினால் கரை அரித்துக்கொண்டு போய்விடும். குளத்துக்கு அதுதான் சாவு. நீர் கரைக்கு மேலே ஏறிவிடக் கூடாது என்பதற்காகத்தானே கலுங்கைத் தாழ்வாகக் கட்டினார்கள்? ஓவர்ஃப்ளோ நடக்காமல் இருக்கத்தான் மறுகால். இத்தனை வருடம் இரண்டையும் ஒன்றென்று நினைத்திருக்கிறேன்.

நம் ஊர்ப் பொறியாளர்களுக்கு இது தெரிந்திருக்கிறது போல. இந்திய ஆங்கிலத்தில் 'சர்ப்ளஸ்' என்பதை வினைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். நம் ஆங்கில நாளிதழ்களில் மழைக்காலச் செய்தியில் 'டேங்க்ஸ் ஆர் சர்ப்ளஸிங்' என்று வரும். லண்டன்காரருக்கு அது புரியாது. முன்பெல்லாம் பிள்ளைகள் அப்படி எழுதினால் சிவப்பு மையில் சுழித்திருக்கிறேன். இனி சுழிக்க மாட்டேன். தன் சொல்லில் இல்லாத ஒன்றை இந்த மண்ணில் பார்த்ததால் ஆங்கிலம் வளைந்துகொடுத்த இடம் அது.

சென்னையில் இந்தச் சொல்லே வேறு. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர்ப் பக்கமெல்லாம் 'ஏரி கோடி போகுது' என்பார்கள். கோடி என்றால் கடைசி முனை. கடைக்கோடி என்கிறோமே, அது. கரை முடிகிற முனையில் நீர் விழுவதால் கோடி. இதை நான் தெரிந்துகொண்டது 2015 டிசம்பரில்.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு அருகே தரைத்தளத்தில் வீடு வாங்கியிருந்தோம். விற்றவர் காட்டிய வரைபடத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. டிசம்பர் முதல் தேதி இரவு முழங்கால் அளவு வந்தது, விடியும்போது இடுப்பளவு. கண்ணில் புரை எடுக்க வந்திருந்த ஆச்சியை நாற்காலியோடு தூக்கி மாடி வீட்டில் உட்கார வைத்தோம். அப்போது எண்பத்து நாலு வயது. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஓடவில்லை, நின்றது.

"ஏட்டி, இதுக்கு மறுகா எங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கழுத்தளவு பிளாஸ்டிக் டிரம்மைத் தள்ளிக்கொண்டு பால் பாக்கெட் கொண்டுவந்த பெரியவர் கீழேயிருந்து சொன்னார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். "ஏரி கோடி போனா இப்டிக்காதாம்மா போவும். இதான் கால்வா. நீங்க நிக்கிறீங்களே, அது மேலதான்."

ஆச்சி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்க என்னிடமும் அதிகம் பேசவில்லை. ராத்திரி படுத்த பிறகு, "அடுத்தவன் தண்ணியில வீடு கட்டியிருக்கியட்டி" என்றாள். கோபம் இல்லை குரலில். எனக்கு அது இன்றுவரை வலிக்கிறது.

பிறகுதான் நான் படிக்கத் தொடங்கினேன். தென்சென்னையின் ஏரிகள் ஒன்றிலிருந்து ஒன்றாக விழுந்து, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு வந்து சேர்கின்றன. சதுப்பு அந்த நீரை வாங்கிப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு விட்டு, அங்கிருந்து அது கோவளம் கழிமுகத்தில் கடலுக்குப் போகிறது. நாற்பது ஐம்பது வருடத்தில் அந்தச் சதுப்பின் பெரும்பகுதியைக் கட்டடமும் சாலையும் குப்பைக் கிடங்கும் எடுத்துக்கொண்டுவிட்டன. மிஞ்சியதற்கு 2022-இல், உலக அளவில் முக்கியமான சதுப்புநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது சந்தோஷப்பட்டேன், உண்மையாகவே. கூடவே, எங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஏரிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கு இடையே இருந்த கால்கள்தான் இல்லை. 'ஏரியைக் காப்பாற்றுவோம்' என்று பலகை வைக்கிறவர்கள், ஏரியைச் சுற்றி நடைபாதை போடுகிறவர்கள், கோடிக்குக் கீழே என்ன இருந்தது என்று கேட்பதே இல்லை. குளம் என்பதை ஒரு கிண்ணமாகப் பார்த்துப் பழகிவிட்டோம். கிண்ணத்துக்கு விளிம்பு உண்டு, மறுகால் கிடையாது.

அதே 2015 டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். யார் எப்போது திறந்திருக்க வேண்டும் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. அந்த நீர் போகவேண்டிய அகலத்தில் ஆறு இல்லை என்பதை மட்டும், அந்த வாரம் சைதாப்பேட்டையில் நின்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள்.

ஆச்சி 2019-இல் போய்விட்டாள். அவள் இருந்திருந்தால் 2023 டிசம்பரைப் பார்த்திருப்பாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மில்லிமீட்டர். அது இருக்கும் தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அதிகம். ஊரில் மாமாவுக்கு இரண்டு நாள் லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது அவர் மறுகால் என்ற சொல்லையே சொல்லவில்லை. "மேல்குளம் உடைப்பெடுத்திட்டு, அது வந்து நம்ம குளத்தையும் உடைச்சிட்டு. சங்கிலியா உடைஞ்சிட்டும்மா" என்றார். சங்கிலியாக நிறையும் ஏற்பாடு சங்கிலியாக உடையவும் செய்யும். நல்ல சொல் கைவசம் இருந்தால் வெள்ளம் வராது என்று நான் நம்பவில்லை. அந்த மழைக்கு எந்தக் கலுங்கும் போதாது. ஆனால் மாமா போனில் இன்னொன்றும் சொன்னார். உடைப்பை அடைக்கப் போனபோது மறுகால் ஓடையைத் தேடிப் பார்த்தார்களாம். பாதித் தூரத்துக்குமேல் சீமைக்கருவேலம்தான் நின்றதாம்.

எங்கள் குடியிருப்பு மாடியில் ஓவர்ஃப்ளோ குழாய் ஒன்று சுவரோடு இறங்கித் தரையில் விழும். 2015-இல் தண்ணீர் வடிந்து ஊருக்குத் திரும்புவதற்கு முன், ஆச்சி அந்தக் குழாய்க்கு நேரே காவலாளியை விட்டு ஒரு வாழைக்கன்று நடவைத்தாள். 'மறுகாத் தண்ணி குடிக்கட்டும்' என்று. தாய் மரம் எப்போதோ போய்விட்டது. பக்கக்கன்றுகள் வந்துகொண்டே இருக்கின்றன. இப்போதும் மாடியில் கருவி கூவினால் நான் ஓடுகிறேன், மோட்டாரை நிறுத்துகிறேன். நிறுத்தத்தான் வேண்டும், மின்சாரம் ஏற்றிய நிலத்தடி நீர் அது. இறங்கி வரும்போது வாழையை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

மறுநாள் வகுப்பில் அந்தப் பையனைக் கூப்பிட்டேன். நேற்று நான் சொன்னது தப்பு, மறுகாலுக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் இல்லை என்றேன். மறுகால் என்பதையே ஆங்கில எழுத்தில் எழுது, அடுத்த வரியில் தண்ணீர் என்ன ஆயிற்று என்று விளக்கு, போதும் என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. டீச்சர் தப்பு என்று சொன்னதாலா, தமிழ்ச் சொல்லை ஆங்கிலக் கட்டுரையில் எழுதச் சொன்னதாலா, தெரியவில்லை.

அவன் கொஞ்ச நேரம் எழுதினான், அடித்தான், மறுபடி எழுதினான். நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். மூன்று எளிய வாக்கியங்கள். காலக்குறி எதிலும் பிழை இல்லை. தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'எங்கள் குளம் மறுகால் பாய்ந்தது. தண்ணீர் அடுத்த ஊர்க் குளத்துக்குப் போனது. அந்த ஊர்க்காரர்கள் ஏற்கனவே வந்து கரையில் நின்றுகொண்டிருந்தார்கள்.'